ரப்பர் பேண்டில் பறக்கும் ஃபோம் ராக்கெட்: செய்முறையும் சூட்சுமமும்

பெயர்தான் ராக்கெட். வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் இது அம்பு.

தீபாவளி ராக்கெட் மேலே ஏறும்போது அதற்குள் மருந்து எரிந்துகொண்டே இருக்கிறது. வாயுவைக் கீழே தள்ளித் தள்ளி அது தன்னை உயர்த்திக்கொள்கிறது. ஃபோம் ராக்கெட்டுக்கு அந்த வசதி இல்லை. இழுத்த ரப்பர் பேண்ட் சுருங்கி முடிகிற கால் மீட்டர் தூரத்தில், ஏறத்தாழ 0.03 நொடியில், கிடைத்த வேகம்தான் அதன் மொத்தச் சம்பாத்தியம். ஏவுபலகையின் (ராக்கெட்டைப் படுக்கவைத்து ஏவும் மரச்சட்டம்) முனையைத் தாண்டிய பிறகு காற்றுக்கும் புவியீர்ப்புக்கும் அதைச் செலவழித்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். நல்ல அம்புக்கு என்னென்ன வேண்டும்? முன்னால் கனம், பின்னால் இறகு, எய்பவரின் விரல் தடங்காமல் விடுவது. இந்த ராக்கெட்டில் வருகிற கோளாறுகளில் முக்கால்வாசி இந்த மூன்றில் ஒன்று தவறுவதால் வருபவை.

பொருட்கள்

ராக்கெட்டின் உடலுக்கான ஃபோம் குழாயை விளையாட்டுச் சாமான் கடையில் தேட வேண்டாம். ஏசி மெக்கானிக்குகள் செம்புக் குழாயின் மேல் உறையாகப் போடுகிறார்களே, அந்த இன்சுலேஷன் ட்யூப்தான் இது. ஏசி உதிரிபாகக் கடையில் அஞ்சு நூல் (ஒரு நூல் என்பது எட்டில் ஒரு அங்குலம்) குழாய்க்கான ட்யூப் என்று கேளுங்கள். உள்விட்டம் 16 மில்லிமீட்டர், சுவரின் தடிமன் 9 மில்லிமீட்டர் என்றால் சரியான அளவு. வெளிவிட்டம் 34 மில்லிமீட்டர் வரும். இதில் இரண்டு ரகம் உண்டு. வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில், அமுக்கினால் சரசரக்கும் பாலிஎத்திலீன் ட்யூப் எடை குறைந்தது. நமக்கு வேண்டியது அதுதான். கருப்பாக, ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும் நைட்ரைல் ட்யூபிலும் செய்யலாம், ஆனால் அது கனம், தூரம் குறையும். சுருளாகச் சுற்றி வைத்திருந்ததில் வளைந்துபோன துண்டை வாங்காதீர்கள். வாழைப்பழ வடிவ ராக்கெட்டை எந்த இறகாலும் நேராக ஓட்ட முடியாது.

மற்றவை:

- ரப்பர் பேண்ட் 1: தட்டையாக வைத்தால் 9 செ.மீ. நீளம், 6 மி.மீ. அகலம் (அளவு எண் 64)
- கேபிள் டை (வயர்களைக் கட்டி இறுக்கும் பிளாஸ்டிக் பட்டை) 3: 20 செ.மீ. நீளமுள்ளவை
- பருத்திக் கட்டுநூல் 80 செ.மீ.
- 3 மி.மீ. ஃபோம் போர்டு: 12 × 8 செ.மீ. அளவில் இரண்டு துண்டுகள்
- முன்கனத்துக்கு இன்னும் மூன்று, நான்கு பழைய ரப்பர் பேண்டுகள்
- செல்லோ டேப்
- ஏவுபலகைக்கு ஒரு மீட்டர் நீள மர ஸ்கேல், அல்லது 2.5 செ.மீ. அகலமுள்ள மரச்சட்டம்

ரப்பர் பேண்டில் மட்டும் சமரசம் வேண்டாம். உண்டிவில்லுக்கு சைக்கிள் ட்யூபை வளையமாக நறுக்குவது போல இதற்கும் நறுக்கத் தோன்றும். இன்று வரும் சைக்கிள் ட்யூப்களில் பெரும்பாலானவை பியூட்டைல் ரப்பர். காற்றைப் பிடித்து வைப்பதில் அது கெட்டி. ஆனால் இழுத்து விட்டால் சோம்பலாகத்தான் திரும்பும். நாம் கொடுத்த ஆற்றலில் கணிசமான பங்கைத் தனக்குள்ளேயே வெப்பமாக வைத்துக்கொள்ளும். இயற்கை ரப்பரால் ஆன சாதாரண பேண்டே இங்கே மேல்.

ராக்கெட்டைக் கட்டுவது

குழாயை 30 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். கத்தரிக்கோல் ஃபோமை நசுக்கிச் சாய்வாக வெட்டும். புதிய பிளேடு போட்ட கட்டர்தான் சரி. பிளேடு வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும்.

வால்முனையில் நான்கு பிளவுகள் வேண்டும். நான்குக்கும் இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். கண்ணால் பார்த்துக் குறித்தால் தவறும். ஒரு காகிதப் பட்டையைக் குழாயின் மேல் சுற்றி, ஒரு சுற்று முடியும் இடத்தில் வெட்டி, அதை நான்காக மடியுங்கள். விரித்து மறுபடி சுற்றினால் மடிப்புகள் விழும் இடங்களே பிளவுக்கான இடங்கள். வாலிலிருந்து 10 செ.மீ. நீளத்துக்கு நான்கையும் நேராகக் கீறிக்கொள்ளுங்கள்.

இறகுகளுக்கு இரண்டு ஃபோம் போர்டு துண்டுகள். இவற்றின் 8 செ.மீ. பக்கம் குழாயின் நீளவாக்கில் வரும், 12 செ.மீ. பக்கம் குறுக்கே வரும். ஒரு துண்டில் முன்விளிம்பின் நடுவிலிருந்தும், மற்றதில் பின்விளிம்பின் நடுவிலிருந்தும் 4 செ.மீ. நீளத்துக்கு ஒரு காடி வெட்டுங்கள். காடியின் அகலம் போர்டின் தடிமனே, 3 மி.மீ. முன்மூலைகளைச் சாய்வாக நறுக்கிவிடுங்கள்: முன்விளிம்பில் 3 செ.மீ., பக்கவாட்டில் 5 செ.மீ. இரண்டையும் காடிக்குள் காடி கோத்தால் கூட்டல் குறி வடிவம் கிடைக்கும். இப்படிச் செய்தால் நான்கு இறகுகளும் தாமாகவே செங்கோணத்தில் நிற்கும். தனித்தனியாக நான்கை ஒட்டினால் ஒன்றாவது கோணலாக நிற்காமல் போகாது.

இனி ரப்பர் பேண்ட். முதல் கேபிள் டையை ரப்பர் பேண்டுக்குள்ளும், 80 செ.மீ. நூலை இரண்டாக மடித்து முடிந்த கண்ணிக்குள்ளும் நுழைத்து, சுமார் 1 செ.மீ. வளையமாக இறுக்குங்கள். பழைய ரப்பர் பேண்டுகளையும் அதே வளையத்தில் சுருட்டிக் கட்டிவிடுங்கள். கேபிள் டையின் மீதி வாலை நகவெட்டியால் ஒட்ட வெட்டினால் கூர்முனை நிற்காது. கத்தரிக்கோலால் வெட்டினால் நிற்கிற அந்தச் சின்ன முள், ரப்பரையும் அறுக்கும், விரலையும் கிழிக்கும்.

நூலின் மறுமுனையை ஒரு தென்னை ஈர்க்கில் கட்டி, மூக்குப் பக்கமாக நுழைத்து வால்வழியே இழுங்கள். வளையம் குழாய்க்குள் 3 செ.மீ. ஆழத்தில் உட்கார, ரப்பர் பேண்ட் மட்டும் மூக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மூக்கிலிருந்து 2 செ.மீ. தள்ளிக் குழாயின் மேல் இரண்டு சுற்று டேப் சுற்றி, அதன்மேல் இரண்டாவது கேபிள் டையை இறுக்குங்கள். குழாயின் கழுத்தை நெரிப்பது போல் இருக்கும். நெரிந்த இடத்தின் வழியாக உள்ளே இருக்கும் வளையம் வெளியே வர முடியாது. ராக்கெட்டை இழுக்கப்போகிற முழு விசையும் இந்தக் கழுத்தில்தான் விழும். அதனால்தான் டேப், அது இல்லாமல் இறுக்கினால் கேபிள் டை ஃபோமைக் கத்திபோல வெட்டிவிடும்.

கடைசியாக, நூலை ஒரு கால்பகுதிக்குள் ஒதுக்கிவிட்டு, இறகுச் சிலுவையை வால்பிளவுகளில் கடைசிவரை தள்ளுங்கள். பின்னால் 2 செ.மீ. ஃபோம் மிஞ்சும். அதன்மேல் மூன்றாவது கேபிள் டையை, நூல் தடையின்றி ஓடும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். வாலுக்கு வெளியே 5 செ.மீ. நூல்கண்ணி தெரிய வேண்டும். மிச்சமிருந்தால் முடிச்சை நகர்த்தி அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.

நூல் எதற்கு, வாலையே பிடித்து இழுத்தால் போதாதா என்று கேட்கலாம். ஃபோமும் நீளும். வாலைப் பிடித்து இழுத்தால் ரப்பரோடு குழாயும் நீண்டு, பிளவுகளின் அடியில் கிழியத் தொடங்கும். நூலைப் பிடித்து இழுத்தால் இழுவிசை நூலுக்கும் ரப்பருக்கும் நடுவிலேயே முடிந்துவிடுகிறது. விடும் நொடிவரை ஃபோம் சும்மா இருக்கிறது.

ஏவுபலகை

சட்டத்தின் முன்முனையை மணல்தாளால் மழுங்கத் தேயுங்கள். வெட்டுமுகத்தில் குறுக்காக 2 மி.மீ. ஆழத்துக்கு ஒரு சின்னப் பள்ளம் அரமிட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் பேண்ட் மேலே நழுவாமல் உட்கார அது போதும். ஆழம் கூடிவிட்டால் ராக்கெட் முனையைத் தாண்டிய பிறகும் ரப்பர் கழலாது. போனதை அது திருப்பி இழுத்து உங்கள் கையிலேயே போடும்.

சட்டத்தின் அகலம் ஏன் 2.5 செ.மீ.? ராக்கெட் பலகையின் மேல் படுத்திருக்கும்போது இறகுகள் கூட்டல் குறியாக நின்றால் கீழ் இறகு மரத்தில் மோதும். பெருக்கல் குறியாகத் திருப்பி வைத்தால் கீழிரண்டு இறகுகளும் பலகையின் இருபுறமும் இறங்கும். குழாயின் நடு அச்சு பலகைக்கு மேல் 1.7 செ.மீ. உயரத்தில் இருப்பதால், 45 டிகிரியில் இறங்கும் இறகு பலகை மட்டத்தை நடுவிலிருந்து 1.7 செ.மீ. தள்ளிக் கடக்கும். பலகையின் பாதி அகலம் அதைவிடக் குறைவாக இருந்தால்தான் உரசாது. 3 செ.மீ. வரை தாங்கும், அதற்குமேல் வேண்டாம்.

முனையிலிருந்து 15, 20, 25, 30 செ.மீ. தூரங்களில் கோடு போடுங்கள். ராக்கெட்டின் மூக்கு எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுவே இழுப்பின் அளவு. ரப்பர் தளர்வாக இருக்கும்போதே மூக்கு முனையிலிருந்து 6 செ.மீ. அளவில் இருக்கும், ஆகவே 30-ஆம் கோடு என்றால் உண்மையான இழுப்பு 24 செ.மீ. அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கோணம் பார்க்க ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானி போதும். அதன் நேர்விளிம்பைச் சட்டத்தின் பக்கவாட்டில் ஒட்டி, மையத் துளையில் நூல் கட்டி ஒரு நட்டைத் தொங்கவிடுங்கள். பலகை கிடையாக இருக்கும்போது நூல் 90-ஐக் காட்டும். ஆகவே ஏவுகோணம் என்பது நூல் காட்டும் எண்ணுக்கும் 90-க்கும் உள்ள வித்தியாசம். இதை மறந்து, நூல் 60 காட்டியதை 60 டிகிரி என்று எழுதிவைக்கும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். அது 30 டிகிரி.

ஏவும்போது இடக்கை பலகையின் பின்கோடியில் இருக்கட்டும். நடுவில் பிடித்தால் இறகுகள் விரல்களில் அடித்துக்கொண்டு போகும். ரப்பரை முனைப் பள்ளத்தில் மாட்டி, வலக்கை விரல்களால் நூல்கண்ணியை இழுத்து, பலகைக்கு நேர்க்கோட்டில் வைத்துச் சட்டென்று விடுங்கள். முகம் பலகைக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும், பின்னால் கூடாது. ரப்பர் முனையிலிருந்து நழுவினால் ராக்கெட் பின்பக்கமாகத்தான் பாயும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிவது அவசியம். முன்னால் 30 மீட்டருக்கு ஆட்களோ நாயோ கோழியோ இருக்கக் கூடாது. மின்கம்பியில் சிக்கிய ராக்கெட்டை அங்கேயே விட்டுவிடுங்கள். இன்னொன்று செய்ய அரைமணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

ஏன் நேராகப் பறக்கிறது?

ராக்கெட்டை ஒரு விரலின்மேல் வைத்துச் சமன் செய்யுங்கள். அது நிற்கும் புள்ளி எடை மையம். பறக்கும்போது எது திரும்பினாலும் இந்தப் புள்ளியைச் சுற்றித்தான் திரும்பும். காற்று அழுத்துவதன் நடுப்புள்ளி வேறு. அதை அழுத்த மையம் என்பார்கள். எடை மையம் முன்னாலும் அழுத்த மையம் பின்னாலும் இருந்தால், மூக்கு சற்று விலகும்போது காற்று வாலைத் தள்ளி நேராக்கிவிடும். இடம் மாறினால் அதே காற்று விலகலை இன்னும் பெரிதாக்கி ராக்கெட்டைக் குட்டிக்கரணம் போட வைக்கும்.

அழுத்த மையத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி, ராக்கெட்டின் பக்கத்தோற்றத்தை அதே அளவில் அட்டையில் வெட்டி, அந்த அட்டையைச் சமன் செய்து பார்ப்பது. நம் அளவுகளுக்கு அது மூக்கிலிருந்து 18 செ.மீ. பக்கம் வரும். இந்த முறை உண்மையான இடத்தைவிடச் சற்று முன்னால்தான் காட்டும். தவறினாலும் பாதுகாப்பான பக்கமாகத் தவறுகிறது. எடை மையம் அதற்குக் குழாயின் ஒரு வெளிவிட்டமாவது, அதாவது மூன்றரை செ.மீ., முன்னால் இருக்க வேண்டும். கூடுதல் கனம் இல்லாமல் கட்டினால் எடை மையம் குழாயின் நடுவில், 15 செ.மீ. அருகே நிற்கும், தேறுமா தேறாதா என்ற நிலை. மூக்கருகே 5 கிராம் சேர்த்தால் 12 செ.மீ.க்கு வந்துவிடும். பழைய ரப்பர் பேண்டுகளைக் கட்டச் சொன்னது இதற்குத்தான். 64 எண் பேண்ட் ஒன்று ஏறத்தாழ 1.4 கிராம் இருக்கும். இரும்பு நட்டும் அதே வேலையைச் செய்யும், ஆனால் பறக்கிற பொருளின் மூக்கில் உலோகம் எதற்கு?

ஏவும் ரப்பர் பேண்டும் ராக்கெட்டோடு சேர்ந்தே பறப்பது இந்த வடிவமைப்பின் கெட்டிக்காரத்தனம். விசை கொடுத்த பொருளே பிறகு முன்கனமாகவும் உதவுகிறது.

1963 நவம்பர் 21 அன்று கேரளத்தின் தும்பாவிலிருந்து கிளம்பிய நைக்கி-அப்பாச்சி போன்ற ஆய்வு ராக்கெட்டுகளும் வாலிறகுகளை நம்பித்தான் நேராகப் போகின்றன. செயற்கைக்கோள்களை ஏற்றும் பெரிய ராக்கெட்டுகள் கதையே வேறு. அவை தள்ளும் விசையின் திசையைத் திருப்பித் திருப்பித் தங்களைச் செலுத்திக்கொள்கின்றன.

எவ்வளவு தூரம் போகும்?

பள்ளியில் இருக்கும் சுருள்வில் தராசால் ரப்பரை இழுத்துப் பாருங்கள். 24 செ.மீ. இழுப்பில் 12 நியூட்டன், அதாவது சுமார் 1.2 கிலோ எடைக்குச் சமமான விசை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரப்பரில் விசை ஆரம்பத்தில் வேகமாக ஏறிப் பிறகு தணிவதால், சராசரி பாதியைவிடச் சற்றுக் கூட இருக்கும். 7 நியூட்டன் எனலாம். 7-ஐ 0.24 மீட்டரால் பெருக்கினால் 1.68 ஜூல். 20 கிராம் ராக்கெட்டுக்கு அது முழுதும் போய்ச் சேர்ந்தால் வேகம் நொடிக்கு 13 மீட்டர்.

காற்றே இல்லையென்றால் 45 டிகிரியில் இது 17 மீட்டர் போகும். 30-லும் 60-லும் ஒரே தூரம், சுமார் 15 மீட்டர். பாடப்புத்தகம் சொல்வது இதுதான். மைதானத்தில் கணக்கு மாறும். முன்முகம் மழுங்கிய இந்தக் குழாயை 13 மீட்டர் வேகத்தில் காற்று எதிர்க்கும் விசை, ராக்கெட்டின் எடையில் ஏறக்குறைய பாதி. 30 டிகிரியில் ஏவினால் 1.3 நொடியில் தரையிறங்கும். 60-இல் ஏவினால் 2.3 நொடி காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆகவே 60-ஐவிட 30 கூடுதல் தூரம் போகும், அதிகபட்சத் தூரம் 45-க்குச் சற்றுக் கீழே கிடைக்கும். 20, 30, 40, 50, 60 டிகிரிகளில், இழுப்பை மாற்றாமல், ஐந்தைந்து முறை ஏவி, ஒவ்வொரு ஐந்திலும் நடு அளவை எடுத்து வரைந்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். சராசரி எடுக்க வேண்டாம். சொதப்பிய ஒரே ஏவல் அதைக் கெடுத்துவிடும்.

எது கெடுகிறது, ஏன்?

குட்டிக்கரணம் போட்டால் மூக்கில் கனம் போதவில்லை. ஒரே பக்கமாக வளைந்து போனால் இறகைப் பழிக்கும் முன் கையைப் பாருங்கள்: நூலைப் பலகைக்குக் குறுக்காக இழுத்திருக்கலாம். ராக்கெட்டைக் கால் சுற்று திருப்பிவைத்து மறுபடி ஏவுங்கள். வளைவின் திசையும் சேர்ந்து மாறினால் குற்றம் ராக்கெட்டில்; மாறாவிட்டால் குற்றம் ஏவுபவரிடம்.

பலகையை விட்டதுமே மூக்கு குப்புற விழுந்தால் இறகு மரத்தில் உரசியிருக்கும். எதிர்க்காற்றுப் பக்கமாகத் திரும்பிக்கொண்டே போனால் இறகு பெரிதாகிவிட்டது; காற்றாடிச் சேவல் திரும்புவது போல அது காற்றை நோக்கித் திரும்புகிறது. விளிம்பில் அரை செ.மீ. நறுக்கிப் பாருங்கள்.

முதல் சில ஏவல்களுக்குப் பிறகு தூரம் குறைந்துகொண்டே வந்தால் ரப்பர் களைத்துவிட்டது. இழுத்துப் பிடித்தபடி கோணம் பார்த்து, ஃபோட்டோவுக்கு நின்று, பிறகு விட்டாலும் இதே கதிதான். நீட்டி வைத்த ரப்பர் நேரம் ஆக ஆக விசை இழக்கும். கோணத்தை முதலில் சரிசெய்துவிட்டு, பிறகு இழுத்து, உடனே விடுங்கள். இழுப்பில் பிறக்கும் வெப்பமும் காத்திருக்கும் நேரத்தில் ஆறிப்போகும்: ஒரு புது பேண்டைச் சட்டென்று நீட்டி உதட்டில் வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். சுருங்கவிட்டால் குளிரும்.

ஒவ்வொரு பத்து ஏவலுக்கும் ஒருமுறை பேண்டை இலேசாக நீட்டி, ஓரங்களில் வெடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கழுத்து டையையும் உள்வளைய டையையும் வெட்டிவிட்டு, நூலை வெளியே எடுக்காமல், புதிய பேண்டோடு மறுபடி கட்டலாம். இரண்டு கேபிள் டை செலவு. வெயிலில் காய்ந்த ராக்கெட்டில் பேண்ட் சீக்கிரம் வெடிக்கும், விளையாடி முடித்ததும் அலமாரியில் வைத்துவிடுங்கள்.